யார் வீட்டுச் சேலை?

‘பழைய துணிக்குப் பாத்திரம்...’ என்று தெருவில் குரல் கேட்டால், நம் வீடுகளில் இரண்டு விஷயங்கள் நடக்கும். அம்மா உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார். ‘என் சட்டை எதுவும் அதுல இல்லையே?’ என்று பதறியபடி அப்பா பின்னாலேயே வருவார். ஆறு சேலை, நாலு பேன்ட், ஒரு கிழிந்த ஜமுக்காளம் போய், ஒரு அலுமினியச் சட்டி வந்து சேரும்.

பட்டுச் சேலைக்கு வேறு குரல். அவர் சட்டி தரமாட்டார்; தராசு வைத்திருப்பார். ஜரிகையை உரசிப் பார்ப்பார். என்ன நிறம், எந்த ஊர் நெசவு, அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தவர் யார்... இதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. எரித்து உருக்கினால் எவ்வளவு வெள்ளி தேறும் என்பது ஒன்றுதான் கணக்கு. முப்பது வருஷம் மடிப்பை மாற்றி மாற்றிப் பத்திரமாக வைத்திருந்த கல்யாணப் பட்டு, நெருப்பில் போய் முடியும்.

தூளி கட்ட, கைக்குழந்தைக்கு விரிக்க, அடுப்படியில் பிடிதுணியாக, கடைசியில் டூ வீலர் துடைக்க... பழைய துணிக்கு நம் ஊரில் வேலை உண்டு. ஆனால், அடுத்தவர் கட்டியதைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் அந்த லிஸ்ட்டில் கிடையாது. பழைய கார் வாங்குவோம். பழைய வீடு வாங்குவோம். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் படுத்த லாட்ஜ் மெத்தையில் வாடகை கொடுத்துப் படுப்போம். சேலை என்றால் மட்டும், ‘யாரு கட்டுனதோ... அவுக என்ன ஆனாகளோ...’ என்று ஒரு தயக்கம் வந்துவிடும்.

அதனால்தான், என்னோடு பி.காம். படித்த நண்பரின் மகள் போன் செய்து, “அங்கிள், வின்டேஜ் துணிக்கடை ஆரம்பிக்கிறேன். பேரு, லோகோ, டேக் எல்லாத்துக்கும் ஐடியா வேணும்” என்றபோது, நான் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல ஆச்சி என்ன சொல்றாக?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “அதுக்கும் சேர்த்துத்தான் உங்களைக் கூப்பிடுறேன்” என்றாள்.

அவர்களுக்குப் பூர்வீகம் வலையபட்டி. செட்டிநாட்டின் எழுபத்துச் சொச்சம் நகரத்தார் ஊர்களில் ஒன்று. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவின் இந்தக் கோடியில் நுழைந்து அந்தக் கோடியில் வெளியேறும் வீடு. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று சிதறிவிட்டார்கள். நண்பரின் தாயார் மட்டும் வருஷத்தில் பாதி நாள் அங்கே இருப்பார். எழுபத்தெட்டு வயது. இரண்டாம் கட்டில் இருக்கும் அறையில் அவருடைய பெட்டிகள், அவர் மாமியாருடைய பெட்டிகள் என்று மொத்தம் பதினொன்று. தேக்குப் பெட்டிகள். சேலைகள் அதற்குள்தான்.

இந்தப் பெட்டிகளுக்கு ஏற்கெனவே ஒரு விலை பேசியாகிவிட்டது என்பது நான் போன பிறகுதான் தெரிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இடித்த, பிரித்த, பாகம் பிரிந்த செட்டிநாட்டு வீடுகள் எல்லாம் அங்கேதான் துண்டுதுண்டாக விலைக்கு நிற்கின்றன. நிலைக்கதவு, பர்மா அரக்குப் பாத்திரம், ஸ்வீடன் இனாமல் அடுக்கு, ரவிவர்மா படம்... நடுவே, யாரோ ஒரு வீட்டுப் பாட்டனாரும் பாட்டியும் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவும் தொங்கும். அதற்கும் ஒரு விலை உண்டு. பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போன வியாபாரி ஒருவர் நல்ல தொகை சொல்லியிருக்கிறார். பெட்டிக்குத்தான் காசு. “உள்ள இருக்கிற துணி?” என்று நண்பர் கேட்டதற்கு, “இருக்கட்டும்ணே, கண்ணாடிச் சாமான் சுத்த ஆகும்” என்று பதில்.

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் பெண்ணுக்குக் கடை எண்ணமே வந்திருக்கிறது. அவள் பெங்களூரில் வேலை பார்த்தவள். அங்கே பழைய சேலைக்கு இன்ஸ்டாகிராமில் ஆள் இருப்பதைப் பார்த்தவள். காரைக்குடியில் ஒரு சின்ன அறை வாடகைக்குப் பிடித்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள்.

பெட்டிகளைத் திறந்தோம். கற்பூரம், வசம்பு, பழைய பேப்பர் எல்லாம் கலந்த ஒரு வாசனை. மேலே கண்டாங்கிகள். அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு... கட்டம் போட்டதும் கோடு போட்டதுமாக, அகலக் கரை வைத்து. கையில் எடுத்தால் கனம் தெரியும் பருத்தி. பின்கொசுவம் வைத்து, கெண்டைக்கால் தெரியக் கட்டுகிற சேலை அது. வளவில் நெல் காயப்போடவும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்யவும் தோதாக நெய்தது. இன்றைய பெண் முன்கொசுவம் வைத்துக் கட்டினால் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விற்றால் முதல் வாரமே சண்டை வரும் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த பெட்டியில் சின்னாளபட்டி. அதற்கும் கீழே சிங்கப்பூரில் இருந்து வந்த ஜப்பான் நைலான், நைலக்ஸ். நம் அக்காக்கள் கல்லூரிக்குக் கட்டிப்போய் வேர்த்து விறுவிறுத்த அதே நைலக்ஸ்தான். “அங்கிள், இதுதான் ரொம்பப் போகும்!” என்றாள் பெண். கண்டாங்கியைவிட நைலக்ஸுக்கு மவுசு! அழாத குறையாகச் சிரித்தேன்.

இதில் பாதிக்குமேல் ஒரு தடவைகூடக் கட்டாதவை என்பதுதான் ஆச்சரியம். கல்யாணத்துக்கு வைத்த சாமானை எண்ணிக்கையில் குறைக்காத ஊர் அது. எண்ணெய் காட்டாத பித்தளைக் குடம் பரணில் இருப்பது மாதிரி, தண்ணீர் காட்டாத சேலை பெட்டியில் இருக்கிறது. அதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டே... கோடி! ஐம்பது வருஷத்துக் கோடி!

“சூப்பர் பேரு! ‘கோடி’ன்னே கடைக்கு வச்சிடலாம். ஷார்ட்டா இருக்கு, லோகோவுக்கும் நல்லா வரும்” என்று குதித்தாள் பெண்.

ஆச்சி அதுவரை தூண் ஓரமாக உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர். “கோடி எதுக்கெல்லாம் போடுவாக தெரியுமா ஒனக்கு?” என்றார்.

அவளுக்குத் தெரியவில்லை. பெங்களூரில் யார் சொல்லியிருப்பார்கள்? புதுத் துணிக்குக் கோடி என்று பெயர். அதே சொல், புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற சேலைக்கும் பெயர். ஆச்சி விளக்கம் சொல்லவில்லை. தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது.

பெண் தன் லேப்டாப்பைத் திறந்தாள். பெங்களூர் சிநேகிதி ஒருத்தி இலவசமாகப் போட்டுக்கொடுத்த லோகோக்கள். பெரிய கொண்டை, காதில் தோடு, ஒரு ஆச்சியின் பக்கவாட்டு நிழல். சுற்றிலும் ஆத்தங்குடி டைல்ஸ். கீழே சுருள் சுருளான எழுத்தில் ‘ஸின்ஸ் 1920’.

“1920-ல என்ன நடந்துச்சு?”

“இந்த வீடு கட்டுன வருஷம் அங்கிள்.”

கடை திறக்கப்போவது அடுத்த மாதம்!

எனக்கு இந்த நோய் மேல் தனிக் கோபமே உண்டு. ‘செட்டிநாடு’ என்று போர்டு வைக்காத நெடுஞ்சாலை உண்டா? கொண்டை போட்ட ஆச்சி படம் இல்லாத மிளகாய்த்தூள் பாக்கெட் உண்டா? ஒரு ஊரின் பெயரும், அந்த ஊர்ப் பெண்ணின் முகமும் இத்தனை பேருக்குச் சோறு போடுவது சந்தோஷம்தான். ஆனால், உண்மையான பெட்டியும் உண்மையான ஆச்சியும் கைவசம் இருக்கிறவள் எதற்கு அந்தப் பொம்மையைக் கடன் வாங்க வேண்டும்?

தவிர, செட்டிநாட்டுக்காரர்களுக்கு லோகோ வைக்கச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் அதில் நம்மைவிட நூறு வருஷம் சீனியர்.

விலாசம் என்கிறோமே, நமக்கு அது தபால்காரருக்கான முகவரி. நகரத்தாருக்கு விலாசம் என்றால் தொழிலின் பெயர். பாட்டனார், தகப்பனார், பிள்ளை என்று பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைப்பது. ராய.சொ., சோம.லெ., வ.சுப.மாணிக்கம் என்று தமிழறிஞர்களின் பெயருக்கு முன்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துகள் நிற்கின்றனவே, அந்த வழக்கம்தான். மூனா ரூனா, சூனா பானா என்று வாயால் சொல்லும்போதே ஒரு தாளம் இருக்கும். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொடுக்கல் வாங்கல் நடந்தது அந்த எழுத்துகளின் பெயரில். அடுக்கிலும் குத்துவிளக்கிலும் அதையே வெட்டி வைத்தார்கள்.

1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாரை ஊர் அறிந்தது ‘எம்.சி.டி.எம்.’ என்ற எழுத்துகளால். காரைக்குடியில் ‘ஏ.வி. அண்ட் சன்ஸ்’ என்று அப்பா நடத்திய கடையில் இருந்து வந்த மெய்யப்பன், அதே ஊரில் ஸ்டூடியோ போட்டு 1947-இல் ‘நாம் இருவர்’ எடுத்தார், ஏவி.எம். என்ற மூன்றெழுத்து பிறகு தமிழ்நாட்டுக்கே தெரிந்த விலாசமானது. எழுத்தே வேண்டாம் என்று போனவர் தேவகோட்டைக்காரர் தமிழ்வாணன். ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி. அதைக் கிறுக்கினால்கூட எல்லாரும் அவர் பெயரைச் சொன்னார்கள்!

பெண்ணுக்கு இதெல்லாம் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதுதான் வம்பு.

“அப்ப நம்ம விலாசத்தையே பிராண்டா வச்சிடலாமே! ஒவ்வொரு டேக்லயும் விலாசம். யாரோட சேலை, என்ன பேரு, எந்த வருஷம் கல்யாணம், ஒரு போட்டோ. ஸ்டோரி இருந்தா விலையே வேற அங்கிள். ஆயிரத்து ஐந்நூறு ரூபா சேலை நாலாயிரத்துக்குப் போகும்.”

அவள் சொல்வது வியாபாரப்படி சரி. பழைய துணியில் யார், எப்போது என்பதுதான் சரக்கே. லீவைஸ் ஜீன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 1886-இல் இருந்து இரண்டு குதிரைகள் ஒரு ஜீன்ஸை இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரிப் படம் ஒட்டி விற்றார்கள். படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளியும் ‘ரெண்டு குதிரை மார்க் குடு’ என்று கேட்டு வாங்கலாம். பின்பாக்கெட்டில் இருக்கிற சிவப்புத் துண்டில் கம்பெனிப் பெயர் 1971 வரை முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது, அப்புறம் நடுவில் சின்ன எழுத்து கலந்தது. அந்த ஒரு ‘ஈ’ பெரிசா சின்னதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பழைய ஜீன்ஸுக்கு விலையை ஏற்றுகிறார்கள். பெயர்ச் சீட்டுதான் பழசுக்கு ஜாதகம்.

நம் ஊருக்கு வந்த மான்செஸ்டர் துணிக்கும் இதே கதை. பேலிலும் பீஸிலும் வண்ணப் படம் ஒட்டி வரும். டிக்கெட் என்று பெயர். யானை, புலி, சாமி, ராஜா. இங்கிலீஷ் தெரியாத ஜனம் படத்தைச் சொல்லித் துணி கேட்டது. துணியெல்லாம் என்றோ கிழிந்துபோக, அந்த டிக்கெட்டைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள்.

ஆக, பெண்ணின் கணக்கில் தப்பில்லை. ஆனால் ஆச்சி எழுந்துவிட்டார்.

“சேலைய வித்துக்க. வெட்டிச் சட்டை தச்சுக்க. விலாசத்த எப்படி விப்பே? அந்த நாலு எழுத்தப் பாத்துத்தான ரங்கூன்ல ஒங்க ஐயாவ நம்பிப் பணத்தக் கொடுத்தாக? பெட்டியப் பூட்டிட்டு வந்தப்பகூட அத யாருகிட்டயும் விட்டுட்டு வரலையே...”

பி.காமில் ‘குட்வில்’ என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடை கைமாறினால், சாமான் விலைக்கு மேல் பெயருக்காகக் கொடுக்கிற தொகை. அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று மூன்று மார்க்குக்கு மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆச்சி அந்த வாத்தியாரையே மடக்கியிருப்பார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஆள் இருக்கிறவரைதான் விலாசத்துக்கு மதிப்பு. ஆள் பின்னால் நிற்காமல் எழுத்தை மட்டும் விற்க முடியாது என்கிறார்.

நான் எதிர்க்கட்சி உதாரணம் ஒன்றைச் சொன்னேன். விசாலாட்சி ராமசாமி 2000-ஆம் ஆண்டு தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது விலாசம். பனையோலைக் கொட்டான் பின்னுவதையும் கண்டாங்கி நெசவையும் மறுபடி நடமாட வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. “அங்கயும் விலாசத்ததான ஆச்சி வச்சிருக்காக?”

“அவுக புதுசா நெய்யச் சொல்றாக தம்பி. குத்தம் கொறை இருந்தா அவுக வீட்டு வாசல்ல போயி கேக்கலாம். இது செத்தவுக சேலை. அவுகள்ட்ட யாரு போயி கேக்கிறது?”

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. பெண்ணிடமும் இல்லை.

இந்தப் பேச்சு ஓடும்போது, கட்டிய சேலை ஒன்றை நான் புரட்டிக்கொண்டிருந்தேன். கரை ஓரத்தில், கடுகை வைத்த மாதிரி மூன்று கறுப்புப் புள்ளி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அடுத்த சேலையிலும் அதே. அடுத்ததிலும். சலவைக் குறி! அந்தக் காலத்தில் இதற்குச் சாதிப்பெயரை ஒட்டி வேறு பெயர் சொல்வார்கள். சலவைக் குறி என்று சொல்வதுதான் மரியாதை. சேங்கொட்டையின் பாலை ஊசிமுனையில் தொட்டுப் புள்ளி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துவிடும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. நூறு வீட்டுத் துணி ஆற்றங்கரையில் ஒன்றாகக் கிடந்தாலும், இன்னார் வீட்டுத் துணி என்று பிரித்து, சாயங்காலம் சரியான வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸ்கூட இந்தக் குறியைத் தேடியது உண்டு.

லோகோவுக்கு வேறென்ன இலக்கணம் சொல்லுங்கள்? படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். துவைத்தாலும் போகக் கூடாது. செலவு இருக்கக் கூடாது. மற்ற வீட்டுக் குறியோடு குழம்பக் கூடாது. நான்கையும் ஒரு ஊசியை வைத்துக்கொண்டு சாதித்திருக்கிறார் ஒருவர். அவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

ஒரு சேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நெய்தவர் ஒருவர். வாங்கி வைத்த வீடு ஒன்று. கட்டியவர் ஒருவர். வெளுத்தவர் ஒருவர். கடைசியாக வருகிறவர் விற்பவர். பிராண்ட் என்று பேச்சு வந்தால், பெயரைப் பெரிசாகப் போட்டுக்கொள்வது இந்தக் கடைசி ஆள்தான். கோ-ஆப்டெக்ஸில் பட்டுச் சேலையோடு நெய்தவரின் போட்டோவும் பெயரும் போட்ட அட்டை வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியது. பழைய சேலைக்கு அந்த வசதியும் இல்லை. நெய்தவர் யாரென்று கண்டுபிடிக்க வழி கிடையாது.

எனவே, பெண்ணும் நானும் ஆச்சியும் அன்று மத்தியானம் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு அட்டையைத் தயார் செய்தோம். காக்கி நிறத்தில், கையளவு. அதில் அச்சில் ஐந்தே வரி: எந்த ஊர்ப் பெட்டி, ஏறக்குறைய எந்தக் காலம், கட்டியதா கட்டாததா, நீளம் அகலம், என்ன குறை. எதிரே கையால் எழுத வேண்டும். விலாசமும் கட்டியவர் பெயரும் போட்டோவும் கிடையாது. சலவைக் குறியை வெட்டி எடுக்கவோ மறைக்கவோ கூடாது. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

‘கட்டியது’ என்று அட்டையிலேயே எழுதினால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று பெண் பயந்தாள். ஓடட்டும். வீட்டுக்குப் போன பிறகு தெரிந்து ஓடுவதைவிட, கடையிலேயே ஓடுவது சிலாக்கியம். நாலு பேர் நிற்பார்கள். அந்த நாலு பேர்தான் கஸ்டமர்.

இன்னொன்றையும் சொன்னேன். கட்டம் போட்டதெல்லாம் கண்டாங்கி என்று எழுதாதே. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்கிற ஸ்டிக்கர் இல்லை அது. இப்போதும் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களின் சொத்து. தெரிந்தால் மட்டும் எழுது. தெரியாவிட்டால் ‘பருத்தி, கட்டம்’ என்று எழுது. நைலக்ஸை நைலக்ஸ் என்றே எழுது. வெட்கம் வேண்டாம்.

லோகோ? ஆச்சியின் நிழலும் ஆத்தங்குடியும் லேப்டாப்போடு மூடப்பட்டன. குறுக்கே மூன்று கோடு, நெடுக்கே மூன்று கோடு, ஒரு மூலைக் கட்டம் மட்டும் அரக்குச் சிவப்பு. ரப்பர் ஸ்டாம்ப்பில் செய்துகொள்ளலாம். காக்கிப் பையில் குத்தலாம். தாளில் ஒரு குழந்தைகூட வரைந்துவிடும். சிநேகிதி கோபித்துக்கொள்ளாமல் இருக்க, போர்டு எழுத்தை அவளிடமே விட்டாயிற்று.

பெயர் மட்டும் மாட்டேன் என்றது. ‘பழையது’ என்று நான் ஒன்று சொன்னேன். காலையில் மோர் விட்டுச் சாப்பிடுகிற பழையதை நட்சத்திர ஓட்டல் மண் சட்டியில் வைத்து விற்கும்போது சேலைக்கு ஆகாதா? “ஊறுகாயும் குடுப்பீகளான்னு கேப்பாக” என்று ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ‘பெட்டகம்’ என்றாள் பெண். அந்தப் பெயரில் நகைக்கடை, நாவல், டி.வி. நிகழ்ச்சி என்று தெருவுக்கு நாலு இருக்கும். ‘ஆச்சீஸ் அட்டிக்’ என்பதையும் முனகிப் பார்த்தாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் பேத்தி பெரிய மனுஷி தோரணையில் சேலைகளைக் கட்டியது, கட்டாதது என்று பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். “கடை முதலாளி ஆகிட்டே” என்று நான் சும்மா இருக்காமல் சொன்னேன்.

“மொதலாளியா? இப்பத்தான பெட்டியடிக்கு வந்திருக்கா” என்றார் ஆச்சி.

பெட்டியடி! ரங்கூன் காலத்துச் செட்டியார் தொழிலில் அது ஒரு பதவி. ஊரில் இருந்து கப்பல் ஏறிப் போகும் பையன் நேரே முதலாளி ஆகிவிட முடியாது. பெட்டியடிப் பையனாக, கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிட்டை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் மொண்டு வைத்து, தொழில் பழக வேண்டும். அப்புறம்தான் அடுத்தாள், மேலாள் எல்லாம். படித்த பட்டமெல்லாம் பெட்டியடியில் செல்லாது.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பத்தா, அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க.”

போர்டில் இப்போது அதுதான் இருக்கிறது. ‘பெட்டியடி’. கீழே சின்னதாக, ‘பழைய சேலைகள்’. வருஷம் எதுவும் போடவில்லை.

பதினோரு பெட்டிகளில் ஒன்பது வந்தன. இரண்டை ஆச்சி தரவில்லை. ஒன்றில் குடும்பத்துப் படைப்புக்கான துணிகள். அதைக் கேட்கவும் கூடாது. இன்னொன்றைப் பற்றிக் கேட்டதற்கு, “இவளுக்குப் பிள்ளை பெறந்தா விரிக்கணும்ல” என்றார். காலிப் பெட்டிகளை வாங்க அந்த வியாபாரி மறுபடியும் வந்தார். விலை படியவில்லை. சேலைகளை அடுக்கி வைக்கப் பெட்டியே நன்றாக இருக்கிறது என்று பெண் அவற்றைக் கடையிலேயே போட்டுவிட்டாள்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஆச்சி கடையைப் பார்க்க வந்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். ஒரு கடுகு நிறச் சேலையில், ‘குறை: தலைப்பில் பழைய மஞ்சள் கறை’ என்று பேத்தி எழுதியிருந்தாள்.

“கறையா? அது எங்க மாமியா மஞ்ச தேச்சுக் குளிச்ச மஞ்ச” என்றார்.

பெண் பேனாவை எடுத்து ‘கறை’யை அடித்தாள். ‘குறை’ என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு போட்டாள். அந்த மஞ்சளை வேறு எந்த வரியில் எழுதுவது என்று மூன்று பேரும் அரை மணி நேரம் யோசித்தோம். அட்டையில் அதற்கு இடமில்லை. சேலையை மடித்து, அந்தத் தலைப்பு மேலே தெரிகிற மாதிரி ஆச்சியே பெட்டியில் வைத்தார்.